ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை லேசர் ஸ்கேன் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாள். மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்த ஸ்பூலை, அதாவது முன்னரே வெல்ட் செய்து தயாராக்கிய குழாய்த் துண்டை, கிரேன் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஒரு முனையில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) சரியாக உட்காருகிறது. மறுமுனையில் 40 மி.மீ. எட்டவில்லை. வரைந்தவர் மேல் பிழையில்லை, அவர் கையில் இருந்த வரைபடம் அப்படி. ஆலை கட்டி முடித்த பிறகு யாரோ ஒரு வால்வை மாற்றியிருப்பார்கள், சப்போர்ட் ஒன்றை நகர்த்தியிருப்பார்கள், குறுக்கே புதிய கேபிள் ட்ரே ஓடியிருக்கும். அந்த மாற்றங்கள் வரைபடத்துக்குத் திரும்பி வந்திருக்காது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆலைகளுக்குள் லேசர் ஸ்கேனர் வந்தது. பென் காசிரா 1993இல் தொடங்கிய சைரா டெக்னாலஜிஸ் இதன் முன்னோடிகளில் ஒன்று. 2001இல் லைக்கா அதை வாங்கியது. இன்றைய ஸ்கேனரை ஒரே கையில் தூக்கிப் போகலாம், நொடிக்குப் பத்து லட்சம் புள்ளிகளை அது அளக்கும். இவ்வளவு இருந்தும் வேலை கெட்டுப்போகிறது என்றால், ஸ்கேனர் பார்ப்பது மேற்பரப்பை மட்டும்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று அர்த்தம். இன்சுலேஷன் உறைக்குள் இருக்கும் குழாயின் அளவு என்ன, அன்று அது எந்தச் சூட்டில் இருந்தது, அதன் லைன் நம்பர் (அந்தக் குழாய்த்தடத்தின் அடையாள எண்) என்ன என்பதெல்லாம் ஒளிக்குத் தெரியாது. நாம்தான் எழுதிக்கொண்டு வரவேண்டும். ஸ்கேனரின் பட்டனை அமுக்கும் வேலையைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைக்கு இங்கே நான் அதிக இடம் தருவது அதனால்தான்.

எதற்காக ஸ்கேன்?

"ஆலை முழுவதையும் ஸ்கேன் பண்ணிக் கொடுங்கள்" என்று ஒரு வரியில் வரும் வேலையை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேட்பவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து பேசுங்கள். புதுக் குழாயைப் பழைய உபகரணத்தின் நாசிலில் (குழாய் சேரும் வாய்) இணைப்பதற்கா? பழைய வெப்பப் பரிமாற்றியைக் கழற்றி வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்கா? தொட்டி சாய்ந்திருக்கிறதா என்று அறிவதற்கா? இல்லை, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆலையின் ஒரு பொதுவான மாடல் போதுமா? ஒவ்வொன்றுக்கும் தேவையான துல்லியம் வேறு, ஸ்கேன் அடர்த்தி வேறு, செலவும் வேறு.

துல்லியத்தைப் பேச அமெரிக்கக் கட்டட ஆவண நிறுவனமான யூஎஸ்ஐபிடி வகுத்த எல்ஓஏ எனும் துல்லிய நிலைகள் உதவும். எல்ஓஏ 20 என்றால் 15 முதல் 50 மி.மீ. வரை, எல்ஓஏ 30 என்றால் 5 முதல் 15 மி.மீ., எல்ஓஏ 40 என்றால் 1 முதல் 5 மி.மீ. வரை பிழை இருக்கலாம். இடநெருக்கடியைப் பார்க்கும் வேலைக்கு எல்ஓஏ 20 பெரும்பாலும் போதும். புதியது பழையதோடு மோதுகிறதா என்று பார்க்கும் கிளாஷ் சோதனைக்கும் குழாய்ப் பாதை வடிவமைப்புக்கும் எல்ஓஏ 30 கேளுங்கள். ஆலை முழுவதற்கும் எல்ஓஏ 40 எழுதிக் கேட்பது பணத்தைக் கரைக்கும் வழி. புதுக் குழாய் பழையதோடு சேரும் டை-இன் புள்ளிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: எந்த அளவுக்குக் கீழே உள்ள குழாய்களை மாடல் செய்யப் போவதில்லை? ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தால் மாடலிங் நேரம் கணிசமாகக் குறையும். மாடலில் இல்லாத சிறு குழாய்கள் பாயிண்ட் கிளவுடில், அதாவது ஸ்கேனர் அளந்த புள்ளிகளின் தொகுப்பில், எப்படியும் இருக்கும், கிளாஷ் பார்க்கும்போது கண்ணில் படும். எழுத்தில் இல்லாத இந்த ஒரு விஷயத்தால் கடைசி வாரத்தில் எழும் தகராறுகள் நிறைய.

கருவியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

ஸ்கேனர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தையோ அலையின் கட்ட வேறுபாட்டையோ வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. தூரத்தில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது நேரத்தில் வெறும் 6.7 பிக்கோநொடி. இதைக் கருவி பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது புள்ளி இடைவெளி.

10 மீட்டரில் 6 மி.மீ. என்று அமைத்தால் ஒரு நிலையத்தில் (ஸ்கேனரை நிறுத்தி அளக்கும் இடம்) சுமார் நாலரைக் கோடி புள்ளிகள் கிடைக்கும். 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. என்பதால், 10 மீட்டர் தள்ளி நின்றால் அதன் குறுக்கே பத்துப் புள்ளி விழும். புள்ளிகளின் மேல் குழாயின் உருளை வடிவத்தைப் பொருத்த அது தாராளம். அதே குழாய் 25 மீட்டர் தொலைவில் இருந்தால் இடைவெளி 15 மி.மீ. ஆகிவிடும், விழுவது நான்கே புள்ளி. அதை வைத்து அளவு சொல்வது ஊகம்தான். அடர்த்தியைக் கூட்டுவதைவிடக் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோவது நல்லது: புள்ளியும் கூடும், மறைவும் குறையும்.

முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே அளக்கும் மொபைல் ஸ்கேனர்களும் இருக்கின்றன. வேகத்தில் அவற்றை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பிழை சென்டிமீட்டர் கணக்கில் வரும். தளவமைப்புக்கு அது சரி, நாசிலில் குழாய் கோக்கும் வேலைக்கு வேண்டாம்.

கருவி இல்லாமல் ஒரு முறை நடந்து பாருங்கள்

ஆலையின் இடவரைபடமான பிளாட் பிளானை அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஆலையை நன்கறிந்த ஆபரேட்டர் ஒருவருடன் முதலில் ஒரு சுற்று நடங்கள். எங்கே ஏணி, எங்கே நீராவி கசிகிறது, எந்தப் பம்ப் ஓடும்போது தளம் அதிர்கிறது, சாரம் எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் குறியுங்கள். சாரத்தைப் பிரிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைக் கடைசியில் வையுங்கள். சாரத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. இன்றைய ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஐஇசி 60825-1 தரத்தின்படி கிளாஸ் 1 லேசர், கண்ணுக்குத் தீங்கில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண ஸ்கேனர் வெடிப்பு அபாய மண்டலங்களுக்குச் சான்று பெற்ற கருவி கிடையாது. அதன் பேட்டரியும் மோட்டாரும் தீப்பொறிக்கு வாய்ப்புள்ள மின்சாதனங்கள். எரிவாயு இருக்கக்கூடிய பகுதியில் ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வரக்கூடிய வேலைக்கான அனுமதி), வாயுப் பரிசோதனை, கூடவே நின்று கண்காணிக்கும் ஆள் இவை இல்லாமல் ஸ்விட்ச் போடக்கூடாது. பெர்மிட் கைக்கு வரும் நேரத்தையும் அட்டவணையில் சேருங்கள். மூன்று நிமிட ஸ்கேனுக்காகப் பாதிக் காலையைக் கட்டுப்பாட்டு அறை வாசலில் கழிப்பது இந்த வேலையில் சகஜம்.

கண்ட்ரோல்: இங்கே சுருக்குவழி தேடாதீர்கள்

சின்னப் பம்ப் அறை என்றால் ஸ்கேன்களை ஒன்றோடொன்று ஒட்டியே முடித்துவிடலாம். குழாய்களை வரிசையாகத் தாங்கிச் செல்லும் 200 மீட்டர் பைப் ரேக்கில் அது நடக்காது. நாற்பது ஸ்கேன்களைச் சங்கிலியாகக் கோக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஏறும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போய், மறுமுனையில் ரேக் மெதுவாக வளைந்திருக்கும். திரையில் பார்த்தால் எல்லாம் அழகாகவே தெரியும். அளந்து பார்த்தால்தான் பிழை வெளிவரும்.

அதனால் கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியான டோட்டல் ஸ்டேஷனை வைத்து மூடிய டிராவர்ஸ் (தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சரிபார்க்கும் அளவீடு) ஓட்டி, ஆலையைச் சுற்றி நிலையான கண்ட்ரோல் புள்ளிகளை, அதாவது இடம் துல்லியமாகத் தெரிந்த குறிப்புப் புள்ளிகளை, நிறுவுங்கள். காங்கிரீட் தூணிலும் அடித்தளத்திலும் வையுங்கள். கைப்பிடிக் கம்பியும் குழாயும் நகரும், அவை வேண்டாம். செக்கர்போர்டு டார்கெட் சிலவற்றை நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு வருகிறவரும் அதே ஆயத்தில் (கோஆர்டினேட் அமைப்பில்) வேலை செய்யலாம்.

ஆயம் பற்றி ஓர் எச்சரிக்கை. நிலத்தை அளந்த சர்வேயர் உலக வரைபட அமைப்பான யூடிஎம் ஆயத்தில் புள்ளிகள் கொடுத்திருக்கலாம். யூடிஎம்மில் மைய நெடுவரையில் அளவுக் காரணி 0.9996. அதாவது தரையில் 1 கி.மீ. உள்ளது அந்த ஆயத்தில் 40 செ.மீ. குறைவாக வரும். ஸ்கேனர் அளப்பது தரைத் தூரத்தை, எனவே இரண்டும் ஒட்டாது. போதாததற்கு, வடக்கு ஆயம் நாற்பத்தைந்து லட்சம் மீட்டர் என்கிற மாதிரிப் பெரிய எண்களை 32-பிட்டில் வைக்கும் மென்பொருளில் அரை மீட்டர் வரை துல்லியம் தொலைந்துபோகும். ஆலையின் சொந்த கிரிடைக் கண்டுபிடித்து, ஏதாவது ஒரு தூணை மூலமாக வைத்து, தரைத் தூரத்திலேயே வேலை செய்யுங்கள். யூடிஎம்முக்கு மாற்றும் கணக்கைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஸ்கேன் நாள்

நெருக்கமான குழாய்ப் பகுதிகளில் 5 முதல் 8 மீட்டருக்கு ஒரு நிலையம், திறந்தவெளியில் இன்னும் தள்ளி வைக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஸ்கேன்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒரே பரப்பைப் பார்த்திருக்க வேண்டும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "இங்கிருந்து என்ன தெரிகிறது" என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். "இங்கிருந்து எது மறைகிறது" என்று கேளுங்கள். குழாயின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பொருத்திய உருளையின் மையம் சில மில்லிமீட்டர் விலகிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஸ்கேன் கிடைத்தால் உறுதியாகிவிடும். டை-இன் ஃபிளாஞ்சின் முகத்தைக் குறைந்தது இரண்டு நிலையங்களிலிருந்து நேராகப் பாருங்கள்.

இரும்புக் கம்பிவலையாலான கிரேட்டிங் தளத்தில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். நீங்கள் ஓர் அடி எடுத்து வைத்தாலே தளம் அசையும், ட்ரைபாட் சாயும். கருவிக்குள் இருக்கும் சாய்வு ஈடுசெய்யும் பகுதி ஓரளவுதான் சமாளிக்கும். 10 விகலை (ஆர்க் செகண்ட்) கோணப்பிழை கூட 50 மீட்டரில் 2.4 மி.மீ. ஆகிவிடும். ட்ரைபாட் கால்களைத் தளத்தைத் தாங்கும் உத்திரத்துக்கு நேர் மேலே ஊன்றுங்கள், பட்டனை அமுக்கிவிட்டு ஏணிப்பக்கம் போய் அசையாமல் நில்லுங்கள், கூட வந்தவரையும் நடக்க விடாதீர்கள்.

ஒளியை ஏமாற்றும் பரப்புகள் சில உண்டு. இன்சுலேஷனை மூடும் பளபளக்கும் அலுமினியத் தகடான கிளாடிங்கும் மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒளியைக் கண்ணாடிபோலத் திருப்பி அடிப்பதால் இல்லாத இடத்தில் குழாயின் பிம்பம் தோன்றும். கறுப்பு ரப்பர் ஒளியை விழுங்கிவிடும். தேங்கிய தண்ணீர் ஓட்டை விழுந்தாற்போல் பதிவாகும். விளிம்புகளில் கற்றையின் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் பட்டு, இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் புள்ளிகள் தொங்கும். நீராவி வந்தால் காத்திருங்கள், மழை நின்ற கையோடு ஈரப் பரப்பை ஸ்கேன் செய்யாதீர்கள். பளபளப்பான குழாயை வேறு கோணத்திலிருந்து இன்னொரு முறை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

களக்குறிப்பு: பலரும் தவிர்க்கும் படி

என் பார்வையில் வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. அதன் மேல் 50 மி.மீ. இன்சுலேஷன் சுற்றினால் மொத்தம் 214.3 மி.மீ. உறையில்லாத 8 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 219.1 மி.மீ. வித்தியாசம் 4.8 மி.மீ. மட்டுமே. 6 அங்குலக் குழாய்க்கும் அப்படியே: 168.3 மி.மீ. உறையோடு 268.3 ஆகும், வெறும் 10 அங்குலக் குழாய் 273.1. அதே 4.8 மி.மீ. இடைவெளி. கிளாடிங்கின் மடிப்பையும் நெளிவையும் சேர்த்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். நிறம் தெரியாத பாயிண்ட் கிளவுடை மட்டும் பார்த்து மாடல் செய்கிறவர் 4 அங்குலக் குழாயை 8 அங்குலமாகப் போட்டுவிட்டு, நல்ல நம்பிக்கையோடு அடுத்ததுக்குப் போய்விடுவார்.

அதனால் ஸ்கேனர் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நிமிடத்தில் பி அண்ட் ஐடி தாளையும் (குழாய்களும் கருவிகளும் எப்படி இணைகின்றன என்று காட்டும் வரைபடம்) பேனாவையும் எடுங்கள். லைன் நம்பர் எழுதிய பட்டையைப் படித்துத் தாளில் டிக் செய்யுங்கள். உறை போட்டது எது, போடாதது எது என்று குறியுங்கள். உறை முடிந்து வெறும் உலோகம் தெரியும் இடம் வால்வுக்குப் பக்கத்திலோ சப்போர்ட்டிலோ இருக்கும், அங்கே டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். உபகரணத்தின் பெயர்ப்பலகையைப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் ஸ்கேன் நிலைய எண்ணை எழுதுங்கள். அது இல்லாத குறிப்பு ஒரு மாதம் கழித்து யாருக்கும் பயன்படாது.

அப்புறம் சூடு. கார்பன் ஸ்டீல் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். 50 மீட்டர் நேர்க்குழாய் சூழலைவிட 200 டிகிரி அதிகச் சூட்டில் ஓடினால் 120 மி.மீ. நீண்டிருக்கும். ஸ்கேன் அன்று ஆலை ஓடிக்கொண்டிருந்தது, புதுக் குழாயைக் கோக்கப் போவதோ ஷட்டவுனில், எல்லாம் ஆறிய பிறகு. முதல் பத்தியில் எட்டாமல் நின்ற அந்த 40 மி.மீ.க்கு வரைபடம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. துல்லியமான ஸ்கேனிலிருந்தே அதே பிழை வரலாம். ஒவ்வொரு லைனும் ஸ்கேன் அன்று ஓடியதா, என்ன வெப்பநிலை என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்டு எழுதுங்கள். குழாயைச் சுருள்வில்லால் தொங்கவிட்டுத் தாங்கும் ஸ்பிரிங் ஹேங்கரின் அளவுகோலில் முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுங்கள். குழாயின் அடியில் உள்ள தாங்கியான ஷூ, உத்திரத்தின் மேல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தேய்ந்த பெயிண்ட் காட்டிக்கொடுக்கும், அதையும் படம் எடுங்கள். குழாயில் ஏறும் அழுத்தத்தைக் கணக்கிடும் ஸ்ட்ரெஸ் பொறியாளர் இந்தப் படங்களைப் பார்த்தால் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

ரெஜிஸ்ட்ரேஷன்

ரெஜிஸ்ட்ரேஷன் என்பது தனித்தனி ஸ்கேன்களை ஒரே ஆயத்தில் இணைப்பது. அன்றைய ஸ்கேனை அன்று இரவே ஒரு நகல் எடுத்து, முதல்கட்டமாக இணைத்துப் பாருங்கள். விடுபட்ட இடம் தெரிந்தால் மறுநாள் காலையில் திரும்பப் போகலாம். ஊருக்கு வந்த பிறகு தெரிந்தால் புதிய பெர்மிட், புதிய பயணம்.

மென்பொருள் தரும் சராசரிப் பிழை 2 மி.மீ. என்றிருந்தால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். தரையும் சுவரும் அதிகமாக ஒத்துப்போய்ச் சராசரியைக் குறைத்துக் காட்டியிருக்கும். கண்ட்ரோல் புள்ளிகளில் சிலவற்றை இணைப்பில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள். அவற்றில் வரும் விலகல்தான் உண்மையான பிழை. தூண்களையும் நேர்க்குழாய்களையும் மெல்லிய குறுக்குவெட்டாக வெட்டிப் பாருங்கள். ஒரு குழாய்க்கு இரண்டு வட்டம் தெரிந்தால் அங்கே ஏதோ ஒரு ஸ்கேன் நழுவியிருக்கிறது. ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கும் ரேக்கில் தானியங்கி இணைப்பு ஒரு தூண் தள்ளி ஒட்டிவிடுவதும் உண்டு, எல்லா இணைப்பையும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாடல்

எல்லாவற்றையும் மாடல் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. அவேவா ஈ3டி, ஆட்டோகேட் பிளான்ட் 3டி, நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்களில் பாயிண்ட் கிளவுடை நேராக ஏற்றி, புதுக் குழாயை அதற்கு எதிராகவே கிளாஷ் சோதிக்கலாம். பாதை மாறும் பகுதியைச் சுற்றி மட்டும் மாடல் போட்டால் நேரம் மிச்சம்.

மாடல் செய்யும் இடத்தில், கிளவுடில் கிடைத்த விட்டத்தை அப்படியே வைக்காமல் தர அளவுக்கு மாற்றுங்கள். ஆனால் மையக்கோட்டை அது நிற்கும் இடத்திலேயே விடுங்கள். உண்மைக் குழாய் தொய்ந்திருக்கும், முழங்கை 90க்குப் பதில் 89 டிகிரி திரும்பியிருக்கும். கேட்டலாக் சுத்தமாக வரவேண்டும் என்று அதை நேராக்கிவிட்டால் ஸ்கேன் செய்ததே வீண். எவ்வளவு விலகலுக்கு மேல் போனால் வளைவாகவே காட்டுவது என்று தொடக்கத்திலேயே ஓர் எண்ணை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஃபிளாஞ்ச் வகுப்பை (எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற தரப்பிரிவு) அறிய போல்ட்டை எண்ணலாம். 6 அங்குல ஃபிளாஞ்சில் 150 வகுப்புக்கு 8 போல்ட், 300 வகுப்புக்கு 12. ஆனால் 4 அங்குலத்தில் இரண்டு வகுப்புக்கும் 8தான். அங்கே வெளிவிட்டத்தைப் பாருங்கள், 300 வகுப்பு சுமார் 25 மி.மீ. பெரியதாக இருக்கும்.

டை-இன் புள்ளிகளைத் தனியாக அளங்கள்

ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதியின்படி ஃபிளாஞ்ச் முகம் 200 மி.மீ.க்கு 1 மி.மீ.க்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது, போல்ட் துளைகள் 3 மி.மீ.க்குள் நேர்ப்பட வேண்டும். ஸ்கேன் புள்ளிகளின் சிதறலும் ரெஜிஸ்ட்ரேஷன் பிழையும் சேர்ந்தாலே இந்த 3 மி.மீ. தீர்ந்துபோகும். எனவே ஃபிளாஞ்ச் முகத்தையும் துளை மையங்களையும் டோட்டல் ஸ்டேஷனால் தனியாக அளந்து மாடலோடு ஒப்பிடுங்கள். அப்படியும் ஸ்பூலின் ஒரு முனையில் 100 அல்லது 150 மி.மீ. கூடுதல் நீளம் விட்டு, களத்தில் வெட்டி வெல்ட் செய்யும்படி ஐசோமெட்ரிக்கில் (ஸ்பூல் செய்வதற்கான வரைபடம்) குறிப்பதே என் வழக்கம். வெட்டுவது எளிது, நீட்ட முடியாது.

ஒப்படைப்பு

மூல ஸ்கேன்களை நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மட்டும் கொடுக்காமல் ஈ57 வடிவத்திலும் கொடுங்கள். 2011இல் ஏஎஸ்டிஎம் ஈ2807 ஆக வந்த திறந்த தரம் அது. கருவியை விற்ற நிறுவனம் மாறினாலும் ஃபைல் திறக்கும். எல்லா நிலையங்களையும் ஒரே கட்டியாக உருக்கி ஏற்றுமதி செய்யாதீர்கள். நிலையம் நிலையமாகப் பிரிந்திருந்தால்தான் எந்தப் புள்ளி எங்கிருந்து பார்க்கப்பட்டது என்று பின்னால் சோதிக்க முடியும், ஸ்கேனர் நின்ற இடத்திலிருந்து சுற்றிப் பார்க்கும் காட்சியும் கிடைக்கும். கூடவே கண்ட்ரோல் அறிக்கை, சோதனைப் புள்ளிகளின் விலகல், ஸ்கேன் தேதி, அன்றைய வெப்பநிலைப் பட்டியல், களக்குறிப்புகள், எந்த இடம் மறைந்து போனது என்று நிறமிட்ட பிளான் எல்லாம் ஒரே உறையில் போகட்டும். பார்க்காத இடத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லும் அந்தப் பிளானைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஷட்டவுனில் புதுக் குழாய் ஏறி, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) முடிந்து, இன்சுலேஷன் ஆட்கள் வருவதற்கு முன் ஒரு பகல் இடைவெளி கிடைக்கும். அந்தப் பகலுக்கு ஸ்கேனரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். வெறும் உலோகமாக நிற்கும் அந்தக் குழாயை, ஒவ்வொரு வெல்டும் கண்ணுக்குத் தெரிகிற நிலையில், அதே கண்ட்ரோல் புள்ளிகளில் ஸ்கேன் செய்துவிடுங்கள். மறுநாள் கிளாடிங் மூடிவிடும்.